அள்ளச் சொன்னது வெயில் இல்லை

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய உன் நாவலின் அச்சுக்கு முந்தைய பிரதி போன செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்துவிட்டேன். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இவ்வளவு படிக்கக் கூடாது என்று உன் அம்மா சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். முதல் தடவை பெருமையில் படித்தேன். நம் வீட்டுப் பையன் முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறான், அதுவும் நம் ஊரை, நம் வெடி ஆலையை எழுதியிருக்கிறான் என்று தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது கோபம் வந்தது. உன் மேல் பாதி, என் மேல் பாதி. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, திருத்தம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். எழுத்துப்பிழை ஆறோ ஏழோ இருக்கிறது, பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டாலும் குடி முழுகிப் போகாது. திருத்தியே ஆக வேண்டியவை வேறு இரண்டு. போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்த பிறகு இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சேர்த்து அச்சடித்தாலும் எனக்குச் சம்மதம். ஒளித்து வைத்தது போதும்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது காலையில் டீ குடித்துக்கொண்டே நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நீ கல்லூரியில் பாடம் நடத்துகிற கதைகளில் ஒரு வகை உண்டு என்றாய். ஒரு மனிதன் பனியிலோ கடலிலோ மாட்டிக்கொண்டு உயிருக்குப் போராடுவான். அவன் பிழைத்தாலும் பனிக்கு ஒன்றுமில்லை, செத்தாலும் கடலுக்கு ஒன்றுமில்லை. இயற்கைக்கு அவன் மேல் பகையும் கிடையாது, பாசமும் கிடையாது, அவன் இருப்பதே அதற்குத் தெரியாது என்றாய். நம் ஊரை வைத்து அப்படி ஒரு நாவல் எழுதுகிறேன், பனிக்குப் பதில் வெயில் என்றாய். "பனின்னா நமக்கு ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கிறதுதாம்லே. வெயிலை எழுது, அதான் நமக்கு அத்துப்படி" என்று நானும் உன்னைக் கேலி செய்து அனுப்பினேன். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டீ ஆறிப்போகிறது என்று எழுந்து போனேன்.

நீ சொல்கிற அடிப்படையை நான் மறுக்கவில்லை. மேகத்துக்கும் வெயிலுக்கும் நம்மைத் தெரியாது என்பதற்கு நம் வீட்டுச் சாமி அலமாரியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். உன் அம்மா வெம்பக்கோட்டைப் பக்கத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பெண். அவள் அண்ணன், உன் மாமா, இன்றைக்கும் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். புரட்டாசி பிறந்தால் அவருக்கு மழை வேண்டும். வெடி ஆலையில் போர்மேனாக இருந்த எனக்கோ தீபாவளி சீசன் முடிகிறவரை ஒரு சொட்டு விழக் கூடாது. வெடிமருந்து காயாது, வெடி காயாது, லோடு ஏறாது. காலையில் உன் அம்மா சூடம் காட்டி, "அண்ணன் காட்டுக்கு மழையக் குடுப்பா" என்று வேண்டிக்கொண்டு போவாள். அவள் அடுப்படிக்குள் நுழைந்ததும் நான் அதே படத்துக்கு முன்னால் போய் நின்று, "இன்னும் ஒரு மாசம் பொறுத்துக் குடுப்பா" என்பேன். ஒருநாள் அது அவள் காதில் விழுந்துவிட்டது. "ஏங்க, நான் போட்ட மனுவ நீங்க பின்னாலயே வந்து கிழிச்சுப் போடுறீகளாக்கும்?" என்று கரண்டியோடு வந்தாள். நீ இட்லி தின்றுகொண்டிருந்தாய், சிரித்துப் புரையேறிவிட்டது. அந்த வருஷம் மழை அவள் பேச்சையும் கேட்கவில்லை, என் பேச்சையும் கேட்கவில்லை. காடு காய்ந்து, சீசனும் முடிந்த பிறகு, யாருக்கும் வேண்டாத கார்த்திகையில் வந்து கொட்டியது.

அதனால் உன் நாவலில் வெயில் கண் இல்லாமல் பார்க்கிறது, மேகம் காது இல்லாமல் கடந்து போகிறது என்றெல்லாம் நீ எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. பதினேழாவது அத்தியாயத்தில்தான் எனக்குக் கை நின்றது. ஆலையில் வெடி விபத்து. உச்சி வெயில். காயப்போட்ட மருந்து வெயிலின் சூட்டில் தானாகத் தீப்பற்றுகிறது. ஒருவன் சாகிறான், அவனைக் காப்பாற்ற ஓடிய செண்பகம் என்ற பெண்ணும் சாகிறாள். போர்மேன் கையறு நிலையில் வானத்தைப் பார்த்து நிற்கிறார். "மேகம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை" என்று முடித்திருக்கிறாய். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். நல்ல வரி. அந்த போர்மேன் மேல் படிக்கிறவர்களுக்கெல்லாம் இரக்கம் வரும். உன் அம்மாவுக்கே வந்தது, படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் நான் அப்படி நிற்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது ஆறாம் வகுப்பு. புரட்டாசி முதல் வாரம், சீசன் உச்சத்தில் இருந்தது. தாயில்பட்டிப் பக்கத்து ஆலையில் நான் போர்மேன். வடக்கேயிருந்து வந்த பெரிய ஆர்டர் ஒன்றுக்கு வானத்தில் போய்ப் பூப்பூவாக விரிகிற பேன்சி வெடி செய்துகொண்டிருந்தோம். அந்தப் பூவெல்லாம் மணி மருந்து என்கிற சின்னச் சின்ன உருண்டைகளில் இருந்து வருவது. உருட்டி, தட்டுகளில் பரப்பி, சிமெண்டு மேடையில் வெயிலில் காயவைப்போம். காய்ந்ததும் அப்படியே அள்ளக் கூடாது. மேடையோடு நிழல் கொடுத்து, சூடு ஆறவிட்டு, அலுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்கக் கூடாது. இது ஏட்டில் எழுதி வைத்த விதி மட்டும் இல்லை, அங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் சொல்லிக் கொடுக்கிற பாடம். சுடுகிற தட்டைத் தொடுகிறவனை நான் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். ஊரில் எனக்கு அப்படி ஒரு பெயரே உண்டு.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மேற்கே மேகம் ஏறியது. காற்று குளிர்ந்தது. மேடையில் மூன்று நாள் உழைப்பு பரந்து கிடந்தது. நனைந்தால் அத்தனையும் வீண், லோடு தவறும், ஆர்டர் போகும். அரைமணி நேரம் ஆறவைக்க மேகம் விடாது என்று தோன்றியது. பொன்னுச்சாமி என்று ஒருவன், நல்ல வேலைக்காரன், இருபத்தி மூன்று வயது. அவன்தான் மேடையில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அண்ணாச்சி, தட்டு சுடுது. செத்த நேரம் கெடக்கட்டுமே." நான் மேகத்தைப் பார்த்தேன். "மழை வருதுலே. ஆறவெல்லாம் நேரமில்ல. அள்ளுங்க" என்றேன். சத்தமாகச் சொன்னேன். மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கைக்கு அகப்பட்டதை எல்லாம் அறைக்குள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மூன்றாவது தட்டோ நான்காவது தட்டோ, பொன்னுச்சாமி குவியலின் மேல் சரித்தபோது பற்றிக்கொண்டது. அவனுடைய அக்கா சுப்புத்தாய் கையில் தட்டோடு வாசலில் நின்றவள். தட்டை வெளியே வீசிவிட்டு உள்ளே போனாள். இரண்டு கையும் வெந்து போக, தம்பியின் காலைப் பிடித்து மணல் வரைக்கும் இழுத்து வந்து போட்டாள். அவன் மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தான்.

இனி அந்த மேகத்தின் கதையைக் கேள். ஆலையில் ஒரு சொட்டு விழவில்லை. அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டையெல்லாம் கரியோடு நின்றுகொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது. உன் மாமா. அவருக்கு விபத்துச் செய்தி இன்னும் போகவில்லை. "மாப்ளே, அங்கன மழையா? இங்கன ஊத்து ஊத்துன்னு ஊத்திருச்சு! விதைப்புக்கு இது போதும். தங்கச்சிகிட்டச் சொல்லுங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்துகிறார். நாலு மைல் தள்ளி, அதே மேகம். நான் "சந்தோசம் மச்சான்" என்று சொல்லி வைத்தேன். அந்த வருஷம் அவர் காட்டில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. நம் வீட்டுக்கும் ஒரு மூட்டை அனுப்பினார், நான் வாயில் வைக்கவில்லை. உன் நாவலில் மேகம் திரும்பிப் பார்க்காமல் போனது என்று எழுதியிருக்கிறாயே, அது எங்கே போயிற்று என்று உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள். அது எனக்காகவும் வரவில்லை, மாமாவுக்காகவும் வரவில்லை. அதன் பாட்டுக்குப் போயிற்று. அதைப் பார்த்து வாயைத் திறந்தவன் நான்.

விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்னால் முதலாளி என்னை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "வெயில்னு எழுதிருவோம் போர்மேன். அதிக வெப்பம். வெயில் மேல யாரு கேஸ் போடப் போறா?" என்றார்.  அவர் எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது, கை நடுங்கவும் இல்லை. அந்தத் தாளில் 'அதிக வெப்பம் காரணமாக' என்று இருந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தேன். நீ பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே வந்து என் முன்னால் நின்றாய். "ஏன்ப்பா வெடிச்சுச்சு?" என்று கேட்டாய். "வெயில்டா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ வாசலுக்குப் போய், கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெகுநேரம் வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றாய். கண் கெட்டுவிடும் என்று உன் அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள். நீ இருபது வருஷமாகப் படித்ததும், எழுதியதும், இந்த முந்நூறு பக்கமும் அந்த ஒரு வார்த்தையில் இருந்து வந்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அந்த வார்த்தை பொய். அதனால், உன் மேல் பாதிக் கோபம் என்றேனே, அதையும் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முழுக் கோபமும் என் மேல்தான்.

ஆனால் உன்னிடம் சண்டை போட ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. உன் கதைகளில் வருகிற மனிதன் தனியாக இருக்கிறான். சுற்றிலும் பனி, அவன் ஒருவன். அங்கே யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, சரி. நம் ஊரில் எவனடா தனியாக இருக்கிறான்? ஒரு அறைக்கு நாலு பேர், அவர்களுக்கு மேல் ஒரு போர்மேன், அவனுக்கு மேல் ஒரு முதலாளி, அவருக்கு மேல் ஆர்டர் கொடுத்தவன். வெயில் நமக்கு மேலே இருக்கிறது என்பது உண்மை. அதற்கும் நமக்கும் நடுவில் இத்தனை பேர் நிற்கிறோம் என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டால், வெயிலை எழுதின மாதிரி ஆகாது. என்னை மறைத்த மாதிரிதான் ஆகும். வெயிலுக்கு நம்மைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் அடிக்க வேண்டும் போல் இருக்கிறது. அதற்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும் இல்லையா? தட்டு சுடுகிறது என்று பொன்னுச்சாமிக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

இன்னொன்றும் உனக்கு நான் சொல்லவில்லை. நீ கல்லூரி இரண்டாம் வருஷம் விடுதியில் இருந்தபோது எனக்கு வேலை போயிற்று. முதலாளியோடு ஒத்துப்போகவில்லை என்று உனக்குச் சொல்லியிருந்தேன். உன் அப்பனுக்குத்தான் வாய் நீளமாயிற்றே, நீயும் நம்பிவிட்டாய். அது நாரணாபுரம் பக்கத்தில் வேறொரு ஆலை. அங்கேயும் ஒரு புரட்டாசி, அங்கேயும் அதே மாதிரி மேடை நிறைய மணி மருந்து, மேற்கே மேகம். காற்று குளிர்ந்தது. மேஸ்திரி ஓடி வந்தான். "அண்ணாச்சி, அள்ளச் சொல்லட்டுமா?" நான் விசிலை ஊதினேன். "எல்லாரும் வெளிய வாங்க. கையில இருக்கிறத அங்கங்க வச்சிட்டு வாங்க. ஒரு தட்டத் தொடக் கூடாது." அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "அம்புட்டும் நனஞ்சு போகுமே அண்ணாச்சி!" "நனையட்டும்லே" என்றேன். அறுபது பேரும் வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். இந்த முறை மழை உண்மையாகவே வந்தது. கண் முன்னால் நாலு நாள் வேலை நனைந்தது. பெண்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் என்னையும் மழையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். எனக்கே அடக்க முடியவில்லை. என் ஆயுசிலேயே மழையைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அந்த ஆலை முதலாளி காரில் வந்து இறங்கினார். "மழை வாரது உங்களுக்குத் தெரியலயா?" என்று கேட்டார். "தெரிஞ்சது மொதலாளி. மழைக்குத்தான் நம்மளத் தெரியாது. நமக்குமா தெரியாமப் போகணும்?" என்றேன். மறுநாள் நனைந்த மருந்தை முறைப்படி நிறையத் தண்ணீரில் அமிழ்த்தி அழிக்கிறவரை கூடவே நின்றேன், ஏனென்றால் ஈர மருந்தும் தன்பாட்டில் சூடாகும். அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சாவியை மேஜையில் வைத்தேன். அதன் பிறகு எந்த ஆலையிலும் என்னைச் சேர்க்கவில்லை. மழைக்கு மருந்தைத் தின்னக் கொடுத்த போர்மேன் என்று கேலி பேசினார்கள். பேசட்டும். அன்றைக்கு அறுபது பேரும் சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள். இதைச் சொல்லி நீ என்னைப் பாராட்ட வேண்டும் என்று எழுதவில்லை. அதனால் பொன்னுச்சாமி எழுந்து வந்துவிடவில்லை. செய்ய முடிகிற காரியம்தான், இரண்டு வார்த்தையில் முடிகிற காரியம்தான், அதை நான் முதல் தடவை செய்யவில்லை என்று நீ தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. பதினேழாவது அத்தியாயத்தைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் சுப்புத்தாய் வீட்டுக்குப் போனேன். அவளை உனக்கு நினைவிருக்காது, அதனால்தான் செண்பகம் என்று பெயர் வைத்துக் கொன்றுவிட்டாய். அவள் இருக்கிறாள். எட்டு ஆடு வளர்க்கிறாள். மொபெட்டில் முன்னால் தழைக்கட்டு, பின்னால் தண்ணீர்க் குடம் என்று அவள் போகிற வேகத்தைப் பார்த்தால் நீ ஓரமாக ஒதுங்கிவிடுவாய். "வாங்க அண்ணாச்சி. கண்ணு ஆபரேசன் பண்ணுன ஆளு இந்த வெயில்ல சைக்கிள்ளயா வந்தீக? அறிவிருக்கா உங்களுக்கு?" என்றுதான் வரவேற்றாள். மகன் புத்தகம் எழுதியிருக்கிறான், அதில் நீ வருகிறாய், படிக்கட்டுமா என்றேன். வேப்ப நிழலில் உட்கார்ந்தாள். படித்தேன். தட்டு கையைச் சுடுகிற இடத்தில், "ஆமா, அப்பிடித்தான் சுட்டுச்சு. பய நல்லாத்தான் எழுதுறான்" என்றாள். செண்பகம் உள்ளே ஓடுகிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். செண்பகம் செத்துப்போகிற இடம் வந்தது. படித்து முடித்தேன். 

"என்னையக் கொன்னுபுட்டானா உங்க மகன்?" என்றாள்.

"கதைதான சுப்புத்தாயி" என்றேன்.

"கதையோ கிதையோ. நான் செத்தாத்தான் நல்லாருக்குமாக்கும்? நான் பொழைக்கப் பட்ட பாடு அவனுக்குத் தெரியுமா? மூணு மாசம் வாழ எலையில கெடந்தேன். இந்த ரெண்டு வெரலும் ஒட்டிப்போச்சுன்னு அறுத்துப் பிரிச்சாக. ஒரு வாய்ச் சோத்த எங்கையால அள்ளித் திங்க ஒரு வருசம் ஆச்சு அண்ணாச்சி. வண்டி ஓட்டப் பழகும்போது எத்தன தடவ விழுந்தேன்னு இந்த முழங்காலக் கேளுங்க. அம்புட்டும் நான் செஞ்சது. ஒரே வரியில முடிச்சுட்டானே, படிச்ச பய!" என்று கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அந்தக் கையை நான் இத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்கத்தான் நான் அந்தத் தெருவுக்கே போகாமல் இருந்தேன்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "சரி, அள்ளச் சொன்னது யாருன்னு இதுல எழுதலையே?"

"அவனுக்குத் தெரியாது. நான் சொல்லல."

"எனக்குத் தெரியும்ல."

"தெரியும் தாயி."

"நீங்களா வந்து சொல்லுவீக, சொல்லுவீகன்னு நானும் பாத்தேன். வருசம்தான் போச்சு." மன்னித்துவிடு என்று நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "அதெல்லாம் எங்கிட்டக் கேக்காதீக. மன்னிச்சா எந் தம்பி வந்துருவானா? எழுதச் சொல்லுங்க. வெயிலு பண்ணுச்சுன்னு புத்தகத்துல இருந்தா, நாளைக்கு அள்ளச் சொல்ற ஒவ்வொருத்தனும் வெயிலக் கையக் காட்டுவான். இந்த வெயிலு நம்மள ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. இப்பவும் அடிக்கத்தான செய்யுது, நானும் ஆடு மேய்க்கத்தான செய்யுறேன்." அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, எழுந்து போய் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். நான்தான் மோரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் பாட்டுக்கு ஆட்டுக்குத் தழை கட்டினாள்.

உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளும் ஒருநாள் பையைக் கழற்றாமல் வந்து உன் முன்னால் நின்று ஏதாவது கேட்பாள். அன்றைக்கு உனக்கு என்ன பயம் இருந்தாலும், யார் என்ன நினைப்பார்கள் என்று இருந்தாலும், உள்ளதைச் சொல்லிவிடு. பிள்ளைகள் நாம் சொல்வதை வைத்து வீடு கட்டிவிடுகிறார்கள். பிறகு இடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வாரம் பூராவும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவிடம் நேற்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். இருபது வருஷம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு இதை மறைத்தீர்களே என்று கேட்டாள், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேச வேண்டாம். இதைப் படித்து யாராவது பழைய கேஸைத் திரும்ப எடுத்தால் எடுக்கட்டும், எழுபது வயதில் எனக்குப் போக எந்த இடமும் தூரமில்லை. கூப்பிட்டால் போய், அதே மாதிரி கை நடுங்காமல் இந்தத் தடவை உள்ளதில் கையெழுத்துப் போடுவேன்.

இனித் திருத்தத்துக்கு வருகிறேன். பக்கம் நூற்று எண்பத்தி இரண்டு. போர்மேன் வானத்தைப் பார்த்து நிற்கிற அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ஓரத்தில் நான் எழுதியிருக்கும் வரியைச் சேர். "மழை வருதுலே. ஆறவெல்லாம் நேரமில்ல. அள்ளுங்க" என்றான் போர்மேன். 'என்றார்' என்று போடாதே. வெயிலைப் பற்றி நீ எழுதியிருப்பதில் ஒரு எழுத்தையும் எடுக்க வேண்டாம், அது அப்படியே அடிக்கட்டும். மேகத்தையும் அப்படியே போகவிடு. அதற்குக் கீழே மனிதர்களைச் சரியாக நிறுத்து, அது போதும். கதையின் அழகு கெட்டுப்போகும் என்று உன் நண்பர்கள் சொன்னால், என்னிடம் அனுப்பு.

இரண்டாவது திருத்தம் நூற்று எண்பத்தி நான்காம் பக்கம், செண்பகம் சாகிற பக்கம். அதை நான் தொடவில்லை. சுப்புத்தாய் என் சட்டைப்பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மேல் மூலையில் இருந்து கீழ் மூலை வரைக்கும் அவளே கோடு போட்டாள். அழுத்திப் போட்டதில் தாள் ஓர் இடத்தில் கிழிந்துவிட்டது. ஒட்டி அனுப்பட்டுமா என்றேன், வேண்டாம், அப்படியே போகட்டும் என்றாள். இரண்டு பக்கத்தையும் இதோடு வைத்து இன்றைக்கே கூரியரில் போடுகிறேன். கோட்டுக்குக் கீழே எழுத்துக் கூட்டி எழுதியிருப்பதும் அவள்தான். அரைமணி நேரம் ஆயிற்று, நான் உதவிக்குப் போனால் தள்ளிவிட்டாள். கோணலாக இருக்கும், கூர்ந்து படி: "நான் இங்கனதான் இருக்கேன்."

உன் அப்பா